கட்டிய காசு திரும்ப வருமா?

சுன்னாகத்தில் கடை வைத்திருக்கும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பின்படி 18 இலட்சம் ரூபா கட்டினேன். மனைவியின் நகையை அடகு வைத்த காசு. இப்போது யாழ்ப்பாணத்துக் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் அந்தத் தீர்ப்பைத் தள்ளிவிட்டது. காசை வாங்கிய எதிர்த்தரப்புக்காரரோ அது செலவாகிவிட்டது என்கிறார். இதற்குப் புது வழக்குப் போட வேண்டும், பத்து வீதம் தந்தால் எல்லாவற்றையும் தான் பார்ப்பதாக ஒருவர் சொல்கிறார். என்ன செய்வது?”

முதலில் அந்த ஒருவரை விட்டு விலகுங்கள். புது வழக்குத் தேவையில்லை. பழைய வழக்கு இலக்கத்திலேயே, அதே மாவட்ட நீதிமன்றத்தில், காசைத் திருப்பித் தரும்படி உங்கள் சட்டத்தரணி மனுப் போடலாம். நீதிமன்றத்தின் செயலால் ஒருவருக்கு நட்டம் வரக்கூடாது என்பது பழைய விதி. குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையின் 839ஆம் பிரிவும் நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்தை, அதாவது தனி விதி இல்லாவிட்டாலும் நீதிக்காகக் கட்டளையிடும் அதிகாரத்தை, காப்பாற்றி வைத்திருக்கிறது. செலவாகிவிட்டது என்பது பதிலாகாது. கட்டளை கிடைத்தால் அவருடைய சொத்தை, நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அதிகாரியான பிஸ்கால் மூலம் கைப்பற்றலாம்.

வட்டியையும் மனுவில் கேட்டு எழுதச் சொல்லுங்கள். தீர்ப்பு மாறியபின் முதல் தொகையை மட்டும் கொடுத்தால் போதாது, வட்டியும் சேரவேண்டும் என்று அந்தக் காலத்தில் இலங்கை வழக்குகளுக்கும் கடைசி மேன்முறையீட்டு மன்றமாக இலண்டனில் இருந்த பிரிவிக் கவுன்சில் 1871இலேயே சொல்லிவிட்டது. பலர் இதைக் கேட்காமலே விடுகிறார்கள்.

நான் பயப்படுவது வேறொன்றுக்கு. கட்டும்போது எதிலாவது கையெழுத்து வைத்தீர்களா? ‘இணக்கமாகத் தீர்த்துக்கொண்டோம், இனி ஒருவருக்கொருவர் கோரிக்கை இல்லை’ என்று பற்றுச்சீட்டில் ஒரு வரி இருந்தால், நீங்கள் தீர்ப்புக்காகக் கட்டவில்லை, உடன்பாட்டுக்காகக் கட்டினீர்கள் என்று மற்றத் தரப்பு வாதிடும். அப்போது தீர்ப்பு மாறியதால் மட்டும் காசு வராது. சொத்து ஏலத்துக்குப் போகும் என்று பயந்து கட்டுகிறவர் பதற்றத்தில் இதை வாசிப்பதில்லை. வீட்டிலுள்ள எல்லாத் துண்டையும் எடுத்துச் சட்டத்தரணியிடம் காட்டுங்கள். சின்னத் துண்டு என்று விட்டுவிடாதீர்கள். நீதிமன்றத்திலேயே கட்டியிருந்தால் அந்த ஆபத்துக் குறைவு. காசு இன்னும் அங்கேயே வைப்பில் கிடந்தால் விடுவிக்கச் சொல்லிக் கேட்டாலே போதும்.

கோட்டு வாசலில் நிற்கும் தரகர்கள் வெற்றுத்தாளில் கையெழுத்து வாங்குவார்கள். வைக்காதீர்கள். பொலிசில் முறைப்பாடு செய்தால் காசு வரும் என்பார்கள். கடன் அறவிடுவது பொலிசின் வேலையில்லை. பத்து வீதம் என்றால் 1,80,000 ரூபா. சட்டத்தரணி போடும் ஒரு மனுவுக்கு நடுவில் நிற்கிறவருக்கு ஏன் அவ்வளவு?

மற்றத் தரப்பு மேலும் மேன்முறையீடு செய்ய உயர் நீதிமன்றத்தில் அனுமதி கேட்க 42 நாள் உண்டு. அதுவரை சும்மா இருக்காதீர்கள். மேன்முறையீட்டுத் தீர்ப்பின் உறுதிப்படுத்திய பிரதிக்கு இன்றே விண்ணப்பியுங்கள். வழக்கேடு மாவட்ட நீதிமன்றத்துக்குத் திரும்பிவிட்டதா என்று பதிவாளர் அலுவலகத்தில் கேளுங்கள். ஒரு கட்டிடத்திலிருந்து இன்னொரு கட்டிடத்துக்குக் கோப்பு வர ஏன் மாதக்கணக்கு ஆகிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. நகைக்கு வட்டி ஏறிக்கொண்டிருப்பது அந்தக் கோப்புக்குத் தெரியாது. ஒவ்வொரு வாரமும் போய்க் கேளுங்கள், போன திகதியையும் குறித்து வையுங்கள்.