2 ஜிபி ரேம் உள்ள பழைய கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருள் அடிக்கடி நின்றுபோகிறது. புது ரேம் வாங்குவதைத் தவிர வேறு வழியில்லையா?

இருக்கிறது. கடைக்குப் போகுமுன் போஸ்ட்கிரெஸின் பதிவுக் கோப்பில் "சிக்னல் 9" என்ற வரி இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், நினைவகம் தீர்ந்துபோன நெருக்கடியில் லினக்ஸ் இயங்குதளத்தின் மையப்பகுதியான கெர்னலே அதைக் கொன்றிருக்கக்கூடும்; கெர்னலின் பதிவைப் பார்த்தால் உறுதியாகிவிடும். ஒரேயொரு கனெக்‌ஷனின் புராசஸ் இப்படிச் செத்தாலும் போதும், பகிர்வு நினைவகம் கெட்டிருக்குமோ என்ற அச்சத்தில் போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லோரையும் துண்டித்துவிட்டுத்தான் மறுபடி எழும். நீங்கள் "நின்றுபோகிறது" என்பது பெரும்பாலும் இதுதான்.

எனக்கும் 2 ஜிபி கணினியில்தான் இது நடந்தது. குற்றவாளி நானே. மாதாந்திர அறிக்கை ஒன்று ஆமை வேகத்தில் வந்துகொண்டிருந்தது. அமைப்புக் கோப்பில் ஒர்க் மெம் என்ற அளவை 4 எம்பியிலிருந்து 64 ஆக்கினேன். அறிக்கை சட்டென்று வந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. மாதக் கடைசியில் ஐந்து பேர் ஒரே நேரத்தில் அதைத் திறந்தார்கள். டிஸ்க் விளக்கு அணையவேயில்லை, மவுஸ் விக்கி விக்கி நகர்ந்தது, சில நிமிடங்களில் எல்லோருக்கும் கனெக்‌ஷன் போனது.

அந்த 64 எம்பியைச் சர்வர் முழுவதற்குமான வரம்பு என்று நினைத்திருந்தேன். அது ஒவ்வொரு வரிசைப்படுத்தலுக்கும் தனித்தனியாகக் கிடைக்கும் அளவு. என் அறிக்கையில் அப்படி மூன்று இடங்கள். 64 × 3 × 5 = 960 எம்பி. எல்லோருக்கும் பொதுவாகத் தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் ஷேர்டு பஃபர்ஸுக்கு ஏற்கெனவே 512 எம்பி கொடுத்திருந்தேன். மிச்சமிருந்த அரை ஜிபி சொச்சத்தில் இயங்குதளமும், அதே கணினியில் நான் திறந்துவைத்திருந்த பிரவுசரும் குடித்தனம் நடத்த வேண்டியிருந்தது.

ஒர்க் மெம்மைப் பழையபடி 4 எம்பிக்கே இறக்கினேன். பிறகு, வினவல் எப்படி ஓடுகிறது என்று காட்டும் எக்ஸ்பிளைன் அனலைஸ் கட்டளையைப் போட்டுப் பார்த்தால், வரிசைப்படுத்தல் நினைவகத்தில் அடங்காமல் டிஸ்க்குக்கு வழிந்துகொண்டிருந்தது தெரிந்தது. தேதிக்கு ஓர் இன்டெக்ஸ் (புத்தகத்தின் பின்பக்கச் சொல்லடைவு போன்றது) போட்டதும் பெரிய வரிசைப்படுத்தலுக்கே வேலையில்லாமல் போயிற்று. இதை முதலிலேயே செய்திருக்கலாம். அப்படியும் ஏதாவது ஒரு வினவலுக்கு அதிகம் தேவைப்பட்டால், அந்த செஷனில் மட்டும் செட் கட்டளையால் உயர்த்திக்கொள்ளுங்கள். கனெக்‌ஷன் வரம்பையும் 100லிருந்து 20க்குக் குறைத்தேன். பிரவுசரை மூடினேன், வரைகலைத் திரையையே நிறுத்திவிட்டேன்.

போஸ்ட்கிரெஸுக்குப் பதில் மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்கள், தரவை நினைவகத்தில் வைத்துக்கொள்ளும் பஃபர் பூலை 128 எம்பியிலேயே விட்டுவிட்டு, செயல்திறனை அளந்துகொண்டிருக்கும் பெர்ஃபார்மன்ஸ் ஸ்கீமாவை அணைத்துப் பாருங்கள். எஸ்கியூஎல் சர்வர் வேறு ரகம்: உச்ச அளவு நீங்கள் குறிக்காவிட்டால் கிடைத்ததையெல்லாம் எடுத்துக்கொள்ளப் பார்க்கும். ஒருவர் மட்டுமே பயன்படுத்தும் தரவுத்தளம் என்றால் எஸ்கியூலைட் போதும், அதன் கேச் சுமார் 2 எம்பிதான்.

ஒன்று: நினைவக நிலவரத்தைக் காட்டும் ஃப்ரீ கட்டளையில் "ஃப்ரீ" என்ற பத்தி சிறிதாக இருப்பதைக் கண்டு பதற வேண்டாம். காலியாகக் கிடக்கும் ரேமை லினக்ஸ் கோப்புகளின் கேச்சுக்குப் பயன்படுத்திக்கொள்ளும். "அவெய்லபிள்" பத்திதான் கணக்கு. ரேம் போதாதபோது டிஸ்க்கில் பயன்படும் இடமான ஸ்வாப்பைக் கூட்டினால் சாவு தள்ளிப்போகும். சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கில் வேகம் திரும்பாது.

இவ்வளவுக்குப் பிறகும் விஎம்ஸ்டாட் கட்டளையில் எஸ்ஐ, எஸ்ஓ (ஸ்வாப்பிலிருந்து வருவது, ஸ்வாப்புக்குப் போவது) பத்திகள் ஓயாமல் எண் காட்டினால் ரேம் வாங்குங்கள். முன்னதாக மதர்போர்டு எவ்வளவு வரை ஏற்கும், ரேம் வகை டிடிஆர்2வா டிடிஆர்3ஆ என்று பார்த்துவிடுங்கள். ஒன்றின் ஸ்லாட்டில் மற்றது உட்காராது.