காப்பகம் திறக்கும் வரை

அன்புள்ள ஐயா,

சாத்தூர் பக்கம் வைப்பாற்றங்கரைக் கிராமம் எங்களுடையது. ஊர்க் கண்மாயை யார் வெட்டியது, பாழடைந்து கிடக்கும் சத்திரத்தை யார் கட்டியது என்று கேட்டால் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். காகிதத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஏப்ரலில் எழும்பூர் ஆவணக் காப்பகத்துக்குப் போவதாக இருந்தேன், டிக்கெட்டும் எடுத்தாயிற்று. 2020 மார்ச் 25ஆம் தேதி கொரோனா ஊரடங்கு வந்ததில் ரயிலும் இல்லை, காப்பகமும் இல்லை. திறக்கும் வரை சும்மா இருக்க வேண்டியதுதானா?

மு., சாத்தூர்

அன்புள்ள மு.,

சும்மா இருக்க வேண்டாம். சொல்லப்போனால், ஏப்ரலில் அப்படியே கிளம்பிப் போயிருந்தால் வெறுங்கையோடு திரும்பியிருப்பீர்கள் என்றுதான் நினைக்கிறேன். அங்கே கோப்புகள் ஊர்வாரியாக அடுக்கி வைக்கப்பட்டிருக்கவில்லை. எந்தத் துறை, என்ன எண், எந்தத் தேதி என்று எழுதிக் கொடுத்தால்தான் கட்டு வெளியே வரும். அந்த எண்ணை நோக்கிப் போகும் வேலையில் பெரும்பகுதியை வீட்டில் உட்கார்ந்தே செய்யலாம்.

முதலில் உங்கள் ஊர் எப்போது எந்த ஜில்லாவில் இருந்தது என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சாத்தூர் 1910 வரை திருநெல்வேலி ஜில்லா. அந்த வருஷம் ராமநாதபுரம் ஜில்லா உருவானபோது அதற்குள் போனது. விருதுநகர் மாவட்டம் 1985இல் வந்ததுதான், அந்த விருதுநகருக்கே 1923 வரை விருதுபட்டி என்று பெயர். ஆக, 1880 வாக்கில் உங்கள் கண்மாய்க்கு மராமத்து நடந்திருந்தால் அந்தக் காகிதம் திருநெல்வேலிக் கட்டில் இருக்குமே தவிர ராமநாதபுரத்தில் இருக்காது. நான் இது தெரியாமல் வேறொரு ஊருக்காக மூன்று முழு நாள் தப்பான ஜில்லாவின் அட்டவணையைப் புரட்டியிருக்கிறேன், அந்த நாட்கள் போனது போனதுதான்.

இதே காரணத்தால் 1917இல் வந்த திருநெல்வேலி கெஜட்டியரில் (சர்க்கார் வெளியிட்ட ஜில்லா விவர நூல்) உங்கள் தாலுகாவைத் தேட வேண்டாம். அதற்கு முந்தைய ஸ்டூவர்ட்டின் திருநெல்வேலி மேனுவல் (1879), கால்டுவெல்லின் திருநெல்வேலி சரித்திரம் (1881) இரண்டையும் பாருங்கள். இந்த மாதிரிப் பழைய புத்தகங்கள் ஆர்க்கைவ் (archive.org) தளத்திலும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆங்கிலத்தில் தேடும்போது 'டின்னவெல்லி' (Tinnevelly) என்ற பழைய எழுத்துக்கூட்டலைப் போடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றும் அகப்படாது. கல்வெட்டு ஏதாவது இருக்கிறதென்றால் 1887 முதல் வந்த கல்வெட்டு ஆண்டறிக்கைகளையும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

அப்புறம், வீட்டு டிரங்குப் பெட்டி. இதைத்தான் நான் எல்லோரிடமும் கெஞ்சிக் கேட்பது. பழைய கிரயப் பத்திரம் என்றால் நிலத்தகராறு வரும்போது மட்டும் எடுப்பது என்று வைத்திருக்கிறோம். ஆனால் அதில் நான்கெல்லை சொல்லும் இடம் இருக்கிறதே, அது ஊரின் படம். என் அத்தை வீட்டில் 1931ஆம் வருஷத்துப் பத்திரம் ஒன்று, மடித்த இடமெல்லாம் இற்றுப்போய், விரித்தால் நான்கு துண்டாகக் கையில் வரும். அதில் 'பிள்ளையார் ஊருணிக்குத் தெற்கு, சத்திரத்துப் புஞ்சைக்கு வடக்கு' என்று இருந்தது. அந்த ஊரில் ஊருணி இருந்ததாக இப்போது யாருக்கும் நினைவில்லை, அந்த இடத்தில் ரேஷன் கடை நிற்கிறது. எண்பத்தைந்து வயது அத்தையிடம் அந்த வரியைப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, படித்துறையில் மொத்தம் எத்தனை படி என்று சொன்னார்.

உங்கள் வீட்டிலும் பங்காளி வீடுகளிலும் கேளுங்கள். இப்போது எல்லோரும் வீட்டில்தான் இருக்கிறார்கள், பெட்டியைத் திறக்க நேரமும் இருக்கிறது. பகல் வெளிச்சத்தில், இரண்டு பக்கமும், போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பின்பக்கம் ரொம்ப முக்கியம்: பதிவு எண், வருஷம், வால்யூம், பக்கம் எல்லாம் அங்கேதான் எழுதியிருக்கும், அதை வைத்து, அலுவலகம் திறந்ததும் சார்பதிவாளரிடம் நகலுக்கு மனுப் போடலாம். அந்தப் பத்திரத்துக்குள் அதற்கு முந்தைய பத்திரம் எதையாவது குறிப்பிட்டிருக்கிறார்களா என்றும் பாருங்கள். காகிதத்தைத் தயவுசெய்து லேமினேஷன் செய்துவிடாதீர்கள்.

பெரியவர்களிடம் போனில் பேசும்போது இன்னொன்றும் கேளுங்கள்: உங்கள் ஊர் ஜமீன் கிராமமா, இனாமா (தீர்வை இல்லாமலோ குறைத்தோ மானியமாக விட்டதா), நேராகச் சர்க்காருக்குத் தீர்வை கட்டிய ஊரா? காகிதம் எந்த வழியாகப் போயிருக்கும் என்பது இதில்தான் தெரியும். ஜமீன் கிராமமென்றால் 1948 ஒழிப்புச் சட்டத்துக்கு முந்தைய கணக்குகள் ஜமீன் கச்சேரியில், அதாவது ஜமீனின் அலுவலகத்தில், இருந்திருக்கும், சர்க்கார் கட்டில் கொஞ்சம்தான் கிடைக்கும்.

சத்திரத்துக்கு மட்டும் எனக்கு நல்ல நம்பிக்கை இருக்கிறது. சத்திரங்களுக்கு இனாம் நிலம் விட்டிருப்பது வழக்கம். 1858இல் ஏற்பட்ட இனாம் கமிஷன் அப்படிப்பட்ட நிலங்களை ஒவ்வொன்றாக விசாரித்து, யார் கொடுத்தது, எதற்காகக் கொடுத்தது, இப்போது யார் அனுபவிக்கிறார்கள் என்று பதிவேட்டில் எழுதி வைத்தது. எழும்பூர் திறந்ததும் முதலில் கேட்க வேண்டியது அந்த இனாம் பதிவேட்டைத்தான். ஊர்ப் பெயர், பழைய தாலுகா, பழைய ஜில்லா மூன்றையும் எழுதித் தயாராக வைத்திருங்கள். பெட்டியில் பத்திரம் ஏதும் கிடைத்தால் படம் அனுப்புங்கள், பழைய கையெழுத்தைச் சேர்ந்தே படித்துப் பார்ப்போம்.