அமெரிக்காவில் பிரைமரித் தேதிகளும் டெலிகேட் கணக்கும் வாக்காளர்களுக்கு ஏன் இவ்வளவு கோபமூட்டுகின்றன? அங்கே ஓட்டுப் போட்ட அனுபவம் உண்டா?

உண்டு. பிரைமரி என்பது ஒரு கட்சி தன் ஜனாதிபதி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம்தோறும் நடக்கும் ஓட்டு. அந்த ஓட்டின்படி கட்சி மாநாட்டுக்குப் போய் வாக்களிக்கும் பிரதிநிதிதான் டெலிகேட். குடியுரிமை வாங்கியதிலிருந்து மிச்சிகன் மாநிலத்தில்தான் என் ஓட்டு. முதல் ஓட்டே இந்தக் குழப்பத்தின் நடுவில் போய் விழுந்ததால், மிச்சிகனை வைத்தே பதில் சொல்கிறேன்.

2008 ஜனவரி 15. பக்கத்துப் பள்ளியின் விளையாட்டுக் கூடம்தான் வாக்குச்சாவடி. எந்தக் கட்சிச் சீட்டு வேண்டும் என்று கேட்டார்கள், டெமாக்ரட் என்றேன். பெயருக்குப் பக்கத்தில் முட்டை வடிவக் கட்டம், அதைக் கறுப்பு மையால் நிரப்ப வேண்டும். ஹிலாரி கிளிண்டன், கிறிஸ் டாட், டென்னிஸ் குசினிச், மைக் கிராவல். அதற்குப் பிறகு ‘அன்கமிட்டட்’, அதாவது யாருக்கும் உறுதி சொல்லாதவர். அவ்வளவுதான். பன்னிரண்டு நாள் முன்பு அயோவாவில் முதலிடம் பிடித்த ஒபாமா பெயர் இல்லை. இரண்டாம் இடம் பிடித்த எட்வர்ட்ஸ் பெயரும் இல்லை. பெயர் இருந்த டாட், அயோவா முடிவு வந்த இரவே போட்டியை விட்டு விலகியவர். தாளைத் திருப்பிக்கூடப் பார்த்தேன், பின்பக்கம் இருக்குமோ என்று.

ஒபாமா பெயரைக் கையால் எழுதிக் கொடுக்கலாம்தான். ஆனால் எழுதப்படும் வேட்பாளர் முன்கூட்டியே அதற்கென்று படிவம் கொடுத்திருக்க வேண்டும், இல்லையென்றால் அந்த ஓட்டு எண்ணப்படாது. கொடுக்கவில்லை. நான் ‘அன்கமிட்டட்’ கட்டத்தை நிரப்பிவிட்டு வந்தேன்.

இப்படி ஆனதற்குக் காரணம் தேதி. பிப்ரவரி 5க்கு முன்னால் அயோவா, நியூ ஹாம்ப்ஷர், நெவாடா, தெற்கு கரோலினா ஆகிய நான்கு மாநிலங்கள் மட்டுமே தேர்வு நடத்தலாம் என்பது அந்த வருடம் டெமாக்ரட் தேசியக் குழு போட்ட விதி. மிச்சிகனுக்கு அது பொறுக்கவில்லை. கார் ஆலைகள் மூடிக்கொண்டிருந்த காலம் அது. வேட்பாளர்கள் அயோவாவில் சோளத்தைப் பற்றிப் பேசுகிறார்கள், எங்கள் ஆலைகளைப் பற்றி யார் பேசுவது என்ற ஆற்றாமை இங்கே எல்லோருக்கும் இருந்தது. செனட்டர் கார்ல் லெவின் இதற்காகவே பல வருடம் மல்லுக்கட்டியவர். அந்த ஆற்றாமை நியாயம் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மாநிலச் சட்டமன்றம் தேதியை ஜனவரிக்கு இழுத்தது. தேசியக் குழு எங்கள் டெலிகேட் அத்தனை பேரின் வாக்கையும் பறித்தது. வேட்பாளர்களில் சிலர் சீட்டிலிருந்து தங்கள் பெயரை எடுத்துக்கொண்டார்கள். சட்டம் போட்டவர்களுக்கோ விதி போட்டவர்களுக்கோ எந்த நஷ்டமும் இல்லை. தண்டனை முழுக்க வரிசையில் நின்ற ஏறக்குறைய 6 லட்சம் பேருக்கு.

அன்று இரவு ஊருக்கு போன் செய்தேன். அப்பா கோவில்பட்டிப் பக்கம் பள்ளி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். எத்தனையோ தேர்தலில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராகப் போனவர். “என்னல சொல்லுத, நிக்கிற ஆளு பேரே சீட்டுல இல்லியா? அப்ப நீ போட்டது நம்மூரு 49ஓ மாதிரியா?” என்றார். இல்லை என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. 49ஓ என்றால் யாருக்கும் ஓட்டில்லை என்று பதிவு செய்துவிட்டு வருவது, அதோடு முடிந்தது. இங்கே ‘அன்கமிட்டட்’ ஓட்டு தேவையான அளவு விழுந்தால், அதற்கும் டெலிகேட் உண்டு. உயிருள்ள ஆட்கள் மாநாட்டுக்குப் போய், அங்கே தங்களுக்குத் தோன்றியவருக்குக் கைதூக்குவார்கள். “அந்த ஆளுங்க யாரு?” என்றார் அப்பா. என் சீட்டில் அது போட்டிருக்கவில்லை.

கிளிண்டனுக்கு ஏறக்குறைய 55 சதவீதம், ‘அன்கமிட்டட்’டுக்கு 40 சதவீதம். நடுவில் மறுதேர்தல் நடத்தலாம் என்று ஒரு யோசனை வந்து, சட்டமன்றத்தோடு நின்றுபோனது. மே 31 அன்று வாஷிங்டனில் ஒரு ஹோட்டலில் கட்சியின் விதிகள் குழு கூடியது. நாள் முழுக்கத் தொலைக்காட்சி முன்னால் உட்கார்ந்திருந்தேன். மொத்தம் 128 டெலிகேட். விழுந்த ஓட்டுப்படி 73க்கு 55 என்றது கிளிண்டன் தரப்பு. ஆளுக்குப் பாதியாக 64க்கு 64 என்றது ஒபாமா தரப்பு. மாநிலக் கட்சி இரண்டுக்கும் நடுவில் ஒரு புள்ளியைப் பிடித்து 69க்கு 59 என்றது. குழு 19க்கு 8 என்ற வாக்கில் அதை ஏற்றுக்கொண்டு, ஒவ்வொரு டெலிகேட்டுக்கும் அரை வாக்கு என்று முடித்தது. அதாவது, சீட்டில் பெயரே இல்லாத ஒருவருக்கு 59 பேர். எண்ணப்படாத, கையால் எழுதிய ஓட்டுகளையும், வாக்குச்சாவடி வாசலில் எடுத்த கருத்துக்கணிப்பையும் சேர்த்துப் பார்த்ததாகக் காரணம் சொன்னார்கள். நான் ஆதரித்த பக்கத்துக்குத்தான் அது லாபம். ஆனாலும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். “எழுபத்து மூணு அறுபத்தொம்பது ஆச்சே, அந்த நாலு எங்கல போச்சு?” கொடுத்த சீட்டுக்கும் பெட்டியில் இருந்த சீட்டுக்கும் ஒன்று இடித்தால்கூட, கணக்கு நேராகும் வரை இடத்தை விட்டு எழுந்திருக்காத மனிதர். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. ஓட்டை எண்ணித்தான் கணக்கு வரும் என்று நம்பி வளர்ந்தவன் நான். இங்கே இரண்டு தரப்பும் சொன்ன எண்களின் சராசரியை எடுத்தார்கள். ஆகஸ்டில் டென்வர் மாநாட்டுக்கு முன்னால், ஒபாமாவே கேட்டுக்கொண்டு, முழு வாக்கையும் திருப்பிக் கொடுத்தார்கள். அதற்குள் யார் வேட்பாளர் என்பது முடிவாகி இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது.

கேள்விக்கு என் பதில் இதில்தான் இருக்கிறது. பிரைமரி என்பது அரசுப் பணத்தில், அரசு ஊழியர்கள், அரசு இயந்திரம் என்று எல்லாவற்றையும் வைத்து நடக்கிறது. பார்க்க அசல் தேர்தல் போலவே இருக்கும். ஆனால் அந்த ஓட்டுக்கு என்ன மதிப்பு என்பதைக் கட்சிதான் சொல்கிறது, அதுவும் சில சமயம் ஓட்டுப் போட்ட பிறகு. பொதுத்தேர்தல் என்று நினைத்துப் போய் நிற்பவருக்குக் கோபம் வராமல் என்ன செய்யும்?

2020ல் வேறு மாதிரி. மிச்சிகன் தேதி மார்ச் 10. என் மனைவி தபால் ஓட்டை முன்னாலேயே அனுப்பிவிட்டாள். மார்ச் 1லிருந்து 5க்குள் பூட்டிஜெஜ், குளோபுச்சர், வாரன் என்று வரிசையாக விலகினார்கள். அவள் போட்டிருந்தவரும் அதில் ஒருவர். நல்லவேளை, அனுப்பிய சீட்டைச் செல்லாததாக்கிவிட்டு வேறு சீட்டு வாங்க இங்கே வழி இருக்கிறது. வேலைக்கு அரை நாள் லீவு போட்டு நகர அலுவலகத்துக்குப் போய் மாற்றிக்கொண்டு வந்தாள். லீவு கிடைக்காதவர்கள் என்ன செய்திருப்பார்கள் என்று அன்று முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தாள்.

2024ல் மிச்சிகன் ஆசைப்பட்ட இடம் ஒருவழியாகக் கிடைத்தது. தேசியக் குழுவின் சம்மதத்தோடு பிப்ரவரி 27. லெவின் அதைப் பார்க்க உயிரோடு இல்லை. அதே ‘அன்கமிட்டட்’ கட்டம் திரும்ப வந்தது. இந்த முறை மக்கள் அதை வேண்டுமென்றே நிரப்பினார்கள். காசாப் போரில் பைடனின் நிலையை எதிர்த்து, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். டியர்பார்ன் நகரத்தில் பாதிக்கு மேல் அந்த ஓட்டுத்தான். மாநிலம் முழுக்கச் சேர்த்தால் 13 சதவீதம். டெமாக்ரட் விதியில் 15 சதவீதம் தொட்டால்தான் டெலிகேட். ஆனால் அந்த வரம்பு நாடாளுமன்றத் தொகுதிவாரியாகவும் பார்க்கப்படும். இரண்டு தொகுதிகளில் தாண்டியதால் இரண்டு டெலிகேட் கிடைத்தார்கள், 117ல் இரண்டு. ஓட்டு விகிதப்படி பார்த்தால் பதினைந்து வந்திருக்க வேண்டும்.

மீதி 115 பேரும் பைடனுக்கென்று போனவர்கள். ஜூலை 21 அன்று அவர் விலகியதும், அவர்கள் யாருக்கு வாக்களிப்பது என்பது அவர்கள் கையிலேயே வந்துவிட்டது. கமலா ஹாரிஸ் வேட்பாளர் ஆனார். அவருடைய தாய்வழிப் பூர்வீக ஊரான துளசேந்திரபுரத்தில் பட்டாசு வெடித்த மாதிரி எங்கள் வீட்டு வாட்ஸ்அப்பிலும் ஒரே வாழ்த்து. எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் எங்கள் சீட்டில் அவர் பெயர் இல்லை என்பதும் உண்மை. டெலிகேட் என்பவர் வெறும் எண் இல்லை, முடிவெடுக்கிற ஆள் என்பதை அந்த மாதம்தான் பலர் முதல்முறையாகப் புரிந்துகொண்டார்கள்.

ரிபப்ளிகன் பக்கமும் இதே கதைதான். பிப்ரவரித் தேதி அவர்களுடைய தேசிய விதி அனுமதித்த நாளுக்கு முந்தியது. அதனால் 55 டெலிகேட்டில் 16 பேரை மட்டும் பிரைமரி ஓட்டுக்கு விட்டுவிட்டு, 39 பேரை மார்ச் 2 அன்று கட்சிக் கூட்டத்தில் தேர்ந்தெடுத்தார்கள். என் தெருவில் ஒரு பெரியவர், ஆயுள் முழுக்க ரிபப்ளிகன், ஆலையில் முப்பது வருடம் உழைத்தவர். கையில் ஊன்றுகோலோடு போய், டிரம்பை எதிர்த்து நின்ற நிக்கி ஹேலிக்கு ஓட்டுப் போட்டுவிட்டு வந்தார். ஹேலிக்குப் பிரைமரியில் நான்கு டெலிகேட். கூட்டத்தில் 39ம் டிரம்புக்கு. “நான் ஓட்டுப் போட்டது எதற்கு என்று முதலிலேயே சொல்லியிருக்கலாமே” என்றார். அவரும் நானும் எந்த விஷயத்திலும் ஒத்துப்போனதில்லை, இதில் ஒத்துப்போனோம்.

ஒரே நாளில் நாடு முழுக்கப் பிரைமரி வைக்கலாமே என்று பலரும் கேட்பார்கள். வைத்தால் பணம் உள்ளவர் மட்டும்தான் நிற்க முடியும், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. நாட்டை நான்கு வட்டாரமாகப் பிரித்து, யார் முதல் என்பதைத் தேர்தலுக்குத் தேர்தல் மாற்றும் யோசனை ரொம்ப நாளாக இருக்கிறது. அது எனக்குச் சரியாகப் படுகிறது.

நீங்கள் இங்கே வாக்காளராக இருந்தால் ஒன்று செய்யலாம். ஒவ்வொரு மாநில டெமாக்ரட் கட்சியும் டெலிகேட் தேர்வுத் திட்டத்தின் வரைவை வெளியிட்டு, முப்பது நாள் பொதுமக்கள் கருத்துக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் விதி. யாரும் எழுதுவதில்லை. 2023ல் நான் எழுதினேன். ‘அன்கமிட்டட்’ கட்டம் வைத்தால், அதன் பேரில் மாநாட்டுக்குப் போகப்போகிறவர் யார், எப்படித் தேர்வாவார் என்பதை வாக்குச்சாவடியில் ஒட்டிவையுங்கள் என்று ஒரு பக்கம் எழுதி அனுப்பினேன். கிடைத்தது என்று மட்டும் பதில் வந்தது. அடுத்த வரைவு வரும்போது மறுபடி எழுதுவேன், இந்த முறை அந்தப் பெரியவரின் கையெழுத்தையும் வாங்கி.