கே.டி.431: எந்த வண்ணம் அசல்?

கேள்வி: 1/48 அளவில் கோர்சேர் போர் விமான மாடல் ஒன்று கட்டுகிறேன். பிரிட்டிஷ் கடற்படையின் கே.டி.431 என்ற எண் கொண்ட விமானத்தை அப்படியே செய்ய ஆசை. ஆனால் பழைய மியூசியப் படங்களில் பளபளவென்று இருக்கிறது, இப்போதைய படங்களில் வெளிறி, பெயின்ட் உரிந்து நிற்கிறது. இடையில் விமானம் கைமாறியதா? எதைப் பின்பற்றுவது?

பதில்: இப்போதைய படத்தைப் பின்பற்றுங்கள். வெளிறி நிற்பதுதான் 1944-இல் தொழிற்சாலையில் அடித்த பெயின்ட். பளபளப்பு 1963-இல் வந்தது. காரணம் புரிய, அது யார் யார் கையில் இருந்தது என்று பார்க்க வேண்டும்.

கோர்சேரை வடிவமைத்தது வாட் நிறுவனம் என்றாலும், கே.டி.431-ஐக் கட்டியது ஒஹையோ மாநிலம் ஏக்ரனில் இருந்த குட்இயர். போர்க்காலத்தில் நட்பு நாடுகளுக்கு அமெரிக்கா தளவாடங்களை இரவல் தந்த லெண்ட்-லீஸ் திட்டத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்குப் போனது. அப்படிப் போன கோர்சேர்கள் சுமார் 2,000. பிரிட்டிஷ் விமானிகள் ஓட்டினாலும் சட்டப்படி அவை அமெரிக்கச் சொத்துதான். போர் முடிந்ததும் திருப்பித் தர வேண்டும், இல்லையென்றால் காசு கொடுக்க வேண்டும். அமெரிக்காவுக்கும் அவை தேவைப்படவில்லை. அதனால் ஏராளமானவற்றைக் கப்பலிலிருந்து கடலில் தள்ளிவிட்டார்கள். புத்தம் புதியவையும் அதில் உண்டு. எத்தனை முறை படித்தாலும் மனசு கேட்காத விஷயம் இது.

கே.டி.431 தப்பித்தது. 1945-இல் அது இருந்தது 768-ஆம் ஸ்குவாட்ரனில். விமானந்தாங்கிக் கப்பலில் இறங்கப் பழக்கும் பயிற்சிப் பிரிவு அது. 1946-இல் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்ட் விமானவியல் கல்லூரிக்கு வந்து, மாணவர்களுக்குப் பாடப்பொருள் ஆனது. 1963-இல் யோவில்டனில் உள்ள கடற்படை விமான மியூசியத்துக்குப் போனது. அங்கே காட்சிக்காக மேலே புதுப் பெயின்ட் அடித்தார்கள். நீங்கள் பார்த்த பழைய படங்கள் அதற்குப் பிந்தியவை.

அந்தப் பூச்சுக்கு அடியில் அசல் அப்படியே இருந்தது. மியூசியத்தின் டேவிட் மோரிஸ் குழு, ஆண்டுக்கணக்கில் பொறுமையாகக் கையாலேயே தேய்த்து, மேல் பூச்சை மட்டும் எடுத்தது. கொஞ்சம் அதிகம் தேய்த்தால் 1944 போய்விடும். முழுசாகச் சுரண்டிவிட்டுப் புதிதாக அடிப்பதுதான் அன்றைய வழக்கம். அதைச் செய்யாமல் விட்டதற்கு நாமெல்லாம் நன்றி சொல்ல வேண்டும்.

சரி, மாடலுக்கு வருவோம். முதலில் இறக்கை. பிரிட்டிஷ் கப்பல்களில் விமானங்களை நிறுத்தும் ஹேங்கரின் கூரை தாழ்வு என்பதால், மேல்நோக்கி மடியும் கோர்சேர் இறக்கையின் நுனியில் பக்கத்துக்கு 8 அங்குலம் குறைத்தார்கள். உங்கள் அளவில் அது 4.2 மில்லிமீட்டர். மாடல் கிட்டில் வெட்டிய நுனி தனியாக இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் அரத்தை எடுக்க வேண்டியதுதான்.

அப்புறம் டெக்கல், அதாவது மாடல்மேல் ஒட்டும் சின்னங்கள். கிட்டோடு வருவது பெரும்பாலும் பிரிட்டிஷ் பசிபிக் கடற்படைப் பிரிவின் அடையாளமாக இருக்கும். அதில் பிரிட்டிஷ் விமானங்களுக்குரிய அடையாள வட்டத்தின் நடுச்சிவப்பு இருக்காது, ஜப்பானியச் சின்னமென்று குழம்பாமலிருக்க எடுத்துவிட்டார்கள். கே.டி.431-க்கு நடுச்சிவப்பு வேண்டும். பக்கவாட்டில் E2-M என்ற அடையாளக் குறியீடும் வேண்டும். எதிரி விமானத்தை வீழ்த்திய குறிகள் எதையும் ஒட்ட வேண்டாம்.

நிறத்தில் கவனம் தேவை. பிரிட்டிஷ் நிறப் பெயர் போட்ட புட்டியை வாங்கி அப்படியே அடித்தால் பொருந்தாமல் போகலாம். அமெரிக்கத் தொழிற்சாலைகள் தங்களிடம் இருந்த பெயின்டில் நெருக்கமானதைத்தான் அடித்தன. இப்போதைய வண்ணப் படத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கலந்து பாருங்கள். உரிந்த இடங்களை எல்லாம் நகலெடுக்கவும் வேண்டாம். கல்லூரியிலும் மியூசியத்திலும் பட்ட தேய்மானமும் அதில் சேர்ந்திருக்கிறது. 768-இல் இருந்த நாளைக் காட்டுவதென்றால், விமானி ஏறும் இடமான, இறக்கை உடலோடு சேரும் பகுதியிலும் எஞ்சின் மூடியைச் சுற்றியும் உரிசலைக் காட்டி நிறுத்திக்கொள்ளுங்கள்.