பேரனுக்கு மஜ்ஜை பொருந்தவில்லை: கலப்புத் திருமணம்தான் காரணமா?

கேள்வி: என் மகள் சிகாகோவில் இருக்கிறாள். மருமகன் வெள்ளைக்காரர், அவருடைய முன்னோர்கள் அயர்லாந்துக்காரர்கள். பேரனுக்கு 10 வயது. ஆறு வயதில் ஏ.எல்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் வந்து மருந்திலேயே சரியானது. இப்போது திரும்பி வந்துவிட்டது, எலும்பு மஜ்ஜை மாற்ற வேண்டும் என்கிறார்கள். ஒரே தங்கைக்கு 7 வயது, அவளுடையது பொருந்தவில்லையாம். வெளியில் தேடியும் முழுப் பொருத்தம் கிடைக்கவில்லை, இரண்டு இனம் கலந்த குழந்தை என்பதால் கஷ்டம் என்று டாக்டர் சொன்னாராம். 'அந்நியத்தில் கட்டிக் கொடுத்ததால்தான் இந்தக் கதி' என்று சொந்தக்காரர்கள் என் காதுபடவே பேசுகிறார்கள். எங்கள் உறவில் 40 பேர் பரிசோதனைக்குத் தயாராக இருக்கிறார்கள். எனக்கு வயது 63. எனக்கும் பேரனுக்கும் ஒரே ரத்த வகை, ஓ பாசிட்டிவ். நான் கொடுக்கலாமா? – வாசகி, கோவை

பதில்: அம்மா, முதலில் அந்தப் பேச்சை முடித்துவிடுவோம். உங்கள் மகள் யாரைக் கட்டினாள் என்பதற்கும் குழந்தைக்கு இந்த நோய் வந்ததற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஏ.எல்.எல். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கும் வருகிறது, அந்நியத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளுக்கும் வருகிறது. யாராவது மறுபடி உங்கள் காதுபடப் பேசினால் ஒரு ரத்த நோய் மருத்துவர் இப்படி எழுதியிருக்கிறார் என்று இதைக் காட்டுங்கள்.

பொருத்தமான கொடையாளர் கிடைப்பது கடினம் என்பது மட்டும் உண்மை. ஏன் என்று புரிந்தால், அந்த 40 பேரையும் உங்களையும் பற்றிய கேள்விகளுக்குப் பதில் தானாகக் கிடைத்துவிடும்.

மஜ்ஜைக்கு ரத்த வகை ஒரு தடையே இல்லை. ஓ வகைக்காரர் பி வகைக்காரருக்குக் கொடுக்கலாம். கொஞ்ச மாதங்களில் வாங்கிக்கொண்டவரின் ரத்த வகையே கொடுத்தவருடையதாக மாறிவிடும். பார்க்க வேண்டியது ஹெச்.எல்.ஏ. என்ற அடையாளங்களை. நம் உடம்பின் செல்கள் 'இது நம்ம ஆள், இது வெளியாள்' என்று கண்டுபிடிப்பது இவற்றை வைத்துத்தான். இவற்றை உண்டாக்கும் மரபணுக்கள் ஆறாவது குரோமோசோமில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. அதனால் பூச்சரம் மாதிரி மொத்தமாகவே ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குப் போகின்றன. ஒவ்வொருவருக்கும் இரண்டு சரம்: ஒன்று அம்மா கொடுத்தது, ஒன்று அப்பா கொடுத்தது.

இந்தச் சரங்கள் ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் வேறுபடுகின்றன. ஏ1, பி8, டிஆர்3 என்ற அடையாளங்கள் சேர்ந்த சரம் அயர்லாந்து, பிரிட்டன் பக்கத்தில் சர்வசாதாரணம். ஏ33, பி44, டிஆர்7 சேர்ந்த சரத்தை இந்தியாவில் அடிக்கடி பார்க்கிறோம். பல ஆயிரம் வருடங்களாக அந்தந்த நிலத்தில் மனிதர்கள் என்னென்ன நோய்களைத் தாண்டி வந்தார்களோ, அதற்கேற்ப இப்படி அமைந்துவிட்டது. உங்கள் பேரனிடம் ஒன்று நம்மூர்ச் சரம், ஒன்று அயர்லாந்துச் சரம். அவனுக்கு முழுதாகப் பொருந்த வேண்டுமென்றால் இரண்டையும் ஒருசேர வைத்திருப்பவர் வேண்டும். அப்படிப்பட்டவர் அநேகமாக அவனைப் போலவே கலப்புக் குடும்பத்தில் பிறந்தவராக இருப்பார். அப்படி ஆட்கள் உலகத்தில் இல்லாமல் இல்லை. ஆனால் மஜ்ஜை கொடுக்க முன்வருபவர்களின் பதிவேட்டில் பெயர் கொடுத்தவர்கள் மிகக் குறைவு.

அமெரிக்கப் பதிவேட்டை வைத்து 2014-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், ஐரோப்பிய வம்சாவளி வெள்ளையருக்கு முழுப் பொருத்தம் கிடைக்கும் வாய்ப்பு 75 சதவீதம். நம்மைப் போன்ற தெற்காசியர்களுக்கு 33. ஆப்பிரிக்க அமெரிக்கர்களுக்கு 19. கலப்பே இல்லாத தமிழ்க் குழந்தைக்கும் வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான் என்பதைக் கவனியுங்கள். ஜெர்மனியில் மட்டும் ஒரு கோடிப் பேருக்கு மேல் பதிந்திருக்கிறார்கள். 140 கோடிப் பேர் வாழும் இந்தியாவில் சில லட்சம் பேர்தான். உங்கள் சொந்தக்காரர்கள் குறை சொல்வதென்றால் இதைச் சொல்லலாம்.

சரி, அந்த 40 பேர். அவர்களில் யாரிடமும் அயர்லாந்துச் சரம் இருக்கப்போவதில்லை. ஆகவே பேரனுக்கு முழுப் பொருத்தம் தேடி அவர்களைச் சோதிப்பதில் பயனில்லை. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று கட்டிக்கொள்கிற குடும்பங்களில் ஒரே சரம் இரண்டு பக்கமும் சுற்றிச் சுற்றி வரும். அங்கே சில சமயம் அப்பாவோ அம்மாவோ ஒன்றுவிட்ட தம்பியோகூட முழுதாகப் பொருந்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். 'சொந்தம் என்றால் பொருந்தும்' என்ற நம்பிக்கைக்குக் கொஞ்சம் அடிப்படை இருக்கிறது. ஆனால் அதே சொந்தத் திருமணத்தால் வரும் பரம்பரை ரத்த நோய்களையும் நான்தான் பார்க்கிறேன். ஆகவே அதைப் பெரிய லாபமாக நினைக்க வேண்டாம்.

இனி நல்ல செய்தி. இதைத்தான் நீங்கள் மகளிடம் உடனே பேச வேண்டும். முழுப் பொருத்தம் இல்லையென்றால் வழியே இல்லை என்ற காலம் போய்விட்டது. ஒரு சரம் மட்டும் பொருந்தும் பாதிப் பொருத்தத்திலேயே இன்று மாற்று சிகிச்சை செய்கிறோம். முன்பு இதைச் செய்தால் கொடுத்தவரின் டி செல்கள் (வெளியாளைக் கண்டால் சண்டை போடும் வெள்ளை அணுக்கள்) குழந்தையின் தோல், குடல், கல்லீரல் எல்லாவற்றையும் தாக்கிவிடும். அமெரிக்காவின் பால்டிமோரில் உள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவர்கள் ஒரு வழி கண்டார்கள். மஜ்ஜை ஏற்றிய மூன்றாம், நான்காம் நாள்களில் சைக்ளோபாஸ்பமைட் என்ற பழைய, விலை குறைந்த மருந்தைக் கொடுப்பார்கள். சண்டைக்குக் கிளம்பிய டி செல்கள் அந்த நேரத்தில் வேகவேகமாகப் பெருகிக்கொண்டிருக்கும், அவற்றை மருந்து அழித்துவிடும். புது ரத்த அணுக்களை உண்டாக்கும் ஸ்டெம் செல்கள் அமைதியாக இருப்பவை. அந்த மருந்தை முறிக்கும் நொதியும் அவற்றிடம் உண்டு, அதனால் தப்பித்துவிடும். இன்று இந்தியாவிலும் பல மருத்துவமனைகளில் இதைச் செய்கிறார்கள். பதிவேட்டில் கிடைக்கும் ஓரளவு பொருந்தும் வெளியாளிடமிருந்து எடுத்தாலும் இதே மருந்து கைகொடுக்கிறது.

அம்மாவும் அப்பாவும் பெற்ற பிள்ளைக்கு எப்போதும் பாதிப் பொருத்தம்தான். அதற்குச் சந்தேகமே இல்லை. தங்கை 'பொருந்தவில்லை' என்றார்களே, முழுதாகப் பொருந்தவில்லையா, பாதியும் பொருந்தவில்லையா? கூடப்பிறந்தவர்களில் நாலில் ஒருவர் முழுதாகப் பொருந்துவார், நாலில் இருவர் பாதி பொருந்துவார்கள், மீதி ஒருவருக்குத்தான் எதுவும் சேராது. 'பொருந்தவில்லை' என்ற ஒரு சொல்லைக் கேட்டுவிட்டு வீடே அழுதுகொண்டிருக்க, அந்தக் குழந்தை பாதிப் பொருத்தமாக இருந்ததை நான் ஒரு முறைக்கு மேல் பார்த்திருக்கிறேன். மகளை இதை நேராகக் கேட்கச் சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்கட்டும்: பேரனுக்கு இதுவரை நிறைய ரத்தம் ஏற்றியிருப்பார்கள். அதனால் கொடையாளரின் ஹெச்.எல்.ஏ.வுக்கு எதிரான எதிர்ப்பொருள் அவன் ரத்தத்தில் உருவாகியிருக்கிறதா என்று சோதித்துவிட்டார்களா? அது இருந்தால் ஏற்றிய மஜ்ஜை ஒட்டாமல் போகலாம். அப்போது அப்பாவா, அம்மாவா, தங்கையா, தாய்மாமனா என்று ஆளை மாற்றிப் பார்ப்பார்கள். உங்களுக்கு மகன் இருந்தால், அவர்தான் அந்தத் தாய்மாமன்; அவர் பாதி பொருந்த இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. ஆகவே அந்த 40 பேரில் அவர் ஒருவரை மட்டும் தயாராக இருக்கச் சொல்லுங்கள்.

உங்களுக்கும் அதே பாதி வாய்ப்பு இருக்கிறது. ஆனால் இளையவர்களின் செல்கள்தான் நன்றாக வேலை செய்யும். மகளும் மருமகனும் இருக்கும்போது 63 வயதில் உங்களிடம் கேட்க மாட்டார்கள். மனம் வருத்தப்பட வேண்டாம், உங்களுக்கு வேறு வேலை இருக்கிறது.

தொப்புள்கொடி ரத்தமும் ஒரு வழி. 1988-ல் பாரிஸில் முதன்முதலாகச் செய்தார்கள். அதில் பொருத்தம் கொஞ்சம் குறைந்தாலும் உடம்பு ஏற்றுக்கொள்ளும், அதனால் கலப்பினக் குழந்தைகள் பலருக்கு உதவியிருக்கிறது. செல் எண்ணிக்கை குறைவு என்பதால் ரத்த அணுக்கள் ஊறி வரத் தாமதமாகும், அதற்குள் தொற்று வரும் பயம் உண்டு. பொது வங்கியில் இருப்பதைத்தான் சொல்கிறேன். பேரன் பிறந்தபோது காசு கட்டிச் சேமித்து வைத்த அவனுடைய கொடி ரத்தம் இருந்தாலும் இந்த நோய்க்கு ஆகாது, நோயின் விதை அதிலேயே இருக்கக்கூடும்.

பதிவேட்டில் தேடுவதையும் விட வேண்டாம். சிகாகோவில் மருமகனும் மகளும் கலப்புக் குடும்பங்கள் கூடும் இடங்களில் முகாம் நடத்தலாம். அமெரிக்க தேசியப் பதிவேடான என்.எம்.டி.பி. 18 முதல் 35 வயது வரை உள்ளவர்களைக் கேட்கிறது. கன்னத்தின் உள்பக்கம் பஞ்சுக்குச்சியால் தேய்த்துக் கொடுத்தால் போதும். படிவத்தில் வம்சாவளி கேட்கும் இடத்தில் ஒன்றை மட்டும் குறிக்காமல் அப்பா வழி, அம்மா வழி இரண்டையும் குறிக்கச் சொல்லுங்கள். லாஸ் ஏஞ்சல்ஸில் மிக்ஸ்ட் மேரோ என்ற தன்னார்வ அமைப்பு 2009 முதல் கலப்பினத்தவரைத் தேடிப் பிடித்துப் பதிவு செய்வதையே வேலையாக வைத்திருக்கிறது. அவர்களிடமும் பேசலாம்.

உங்கள் உறவுக்கூட்டத்தில் இளையவர்கள் நிஜமாகவே கொடுக்க ஆசைப்பட்டால், சென்னையைச் சேர்ந்த தாத்ரி போன்ற இந்தியப் பதிவேட்டில் சேரட்டும். அது உங்கள் பேரனுக்காக அல்ல, வேறு ஒரு குழந்தைக்காக. ஆனால் வீட்டில் எல்லாரிடமும் பேசிவிட்டுச் சேரச் சொல்லுங்கள். கூப்பிடும் நாளில் 'என் பையன் முதுகெலும்பில் ஊசி போட விடமாட்டேன்' என்று ஒரு தாய் என் அறையில் அழுதார். முதுகெலும்பைத் தொடுவதே இல்லை என்று படம் போட்டுக் காட்டினேன். பெரும்பாலும் ஐந்து நாள் ஊசி போட்டு, கை நரம்பிலிருந்து ரத்தத்தை எடுத்து, இயந்திரத்தில் ஸ்டெம் செல்லைப் பிரித்துவிட்டு, மீதியைத் திருப்பி ஏற்றிவிடுவார்கள். நாலைந்து மணி நேர வேலை, இரண்டு மூன்று நாள் உடம்பு வலி. கடைசியில் பையைத் தூக்கிக் காட்டினேன். தக்காளிச் சாறு நிறத்தில் ஒரு கை அளவு பை. 'இவ்வளவுதானா?' என்றார் அந்த அம்மா. வேண்டாம் என்பதானால் ஆரம்பத்திலேயே சொல்லிவிட வேண்டும். வாங்கிக்கொள்பவரின் மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்ட பிறகு இங்கே ஒருவர் பின்வாங்கினால் அங்கே அந்த உயிர் போய்விடும்.

உங்கள் வேலை என்ன என்று சொல்கிறேன். மஜ்ஜை ஏற்றி முதல் நூறு நாள் வீட்டை நோய்த்தொற்று இல்லாமல் வைத்திருக்க வேண்டும். அம்மா மருத்துவமனையே கதி என்று இருப்பாள். வீட்டில் 7 வயதுக் குழந்தை, 'அண்ணனுக்கு என் ரத்தம் சேரவில்லை' என்று தன்மீதே பழி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அவள் பக்கத்தில் பாட்டி வேண்டும். பேரனுக்குப் பச்சைச் சட்னியும் நேற்று அரைத்ததும் ஆகாது, அப்போதே வெந்த சூடான இட்லி ஆகும் – அங்கே மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு. விசா இருந்தால் கிளம்புங்கள். இரண்டு வாரத்துக்கு முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளுங்கள். இருமலோ சளியோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள்.