லினக்ஸ் கேள்வி–பதில்: விளக்கு எரிகிறது, போர்ட் இல்லை

கேள்வி: உபுண்டு 22.04 பயன்படுத்துகிறேன். யூஎஸ்பி இணைப்புக்குச் சிஎச்340 சிப் உள்ள ஆர்டுயினோ நானோ என்ற சிறு மின்னணுப் போர்டைச் செருகினால் விளக்கு எரிகிறது. ஆனால் ஆர்டுயினோ மென்பொருளில் போர்ட் பட்டியல் காலியாகவே இருக்கிறது. டிரைவர் எங்கே கிடைக்கும்?

பதில்: டிரைவர் தேடி அலைய வேண்டாம். சிஎச்341 என்ற பெயரில் அது லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. விளக்கு எரிவதை நம்பாதீர்கள். அதற்கு மின்சாரம் மட்டும் போதும். சார்ஜ் மட்டும் ஏற்றும் கேபிளில் டேட்டா போகும் இரண்டு கம்பிகளும் இருக்காது, ஆனாலும் விளக்கு எரியும்.

டெர்மினலில், யூஎஸ்பியில் இணைந்துள்ள கருவிகளைப் பட்டியலிடும் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) கட்டளையைப் போர்டைச் செருகும் முன் ஒருமுறையும் செருகிய பின் ஒருமுறையும் கொடுங்கள். புதிதாக ஒரு வரியும் வராவிட்டால் முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். 1ஏ86:7523 என்ற அடையாள எண்ணோடு வரி வந்தால் கணினிக்குப் போர்டு தெரிந்துவிட்டது; தடை மென்பொருளில் இருக்கிறது.

அடுத்து, கெர்னலின் செய்திகளைக் காட்டும் 'சூடோ டிஎம்இஎஸ்ஜி' (sudo dmesg) கொடுங்கள். கடைசி வரிகளில் போர்டுக்கான போர்ட், அதாவது டிடிஒய்யூஎஸ்பி0 (ttyUSB0), உருவாகி, உடனே துண்டிக்கப்பட்டிருக்கும். பக்கத்தில் பிஆர்எல்டிடிஒய் (brltty) என்ற பெயர் இருக்கும். 22.04-இல் பலருக்கும் நேர்ந்தது இதுதான். பார்வையற்றோரின் பிரெயில் கருவிகளை இயக்கும் நிரல் அது. சில பிரெயில் கருவிகளுக்கும் இதே எண் இருப்பதால், உங்கள் போர்டையும் அப்படி ஒன்றென்று எண்ணிப் பிடித்துக்கொள்கிறது.

அந்தக் கணினியில் பிரெயில் கருவி யாருக்கும் தேவையில்லை என்றால் 'சூடோ ஆப்ட் ரிமூவ் பிஆர்எல்டிடிஒய்' கொடுத்து, போர்டைக் கழற்றி மீண்டும் செருகுங்கள். தேவைப்படுபவர் இருந்தால் தயவுசெய்து நீக்காதீர்கள், அவருக்குக் கணினியே கைவிட்டுப் போகும். செருகும் கருவிகளை எப்படிக் கையாள்வது என்று சொல்லும் யூடெவ் (udev) விதிகளில் 85 என்று தொடங்கும் பிஆர்எல்டிடிஒய் கோப்பில் 1ஏ86/7523 உள்ள வரியின் முன்னால் மட்டும் # போடுங்கள். அவருடைய கருவியின் எண்ணும் அதுவே அல்ல என்பதை முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

போர்ட் வந்தும் அனுமதி இல்லை என்று பிழை வந்தால், யூசர்மாட் (usermod) கட்டளையால் உங்கள் பெயரை, இந்தப் போர்ட்டைப் பயன்படுத்த அனுமதி உள்ள டயல்அவுட் (dialout) குழுவில் சேர்த்து, வெளியேறி மீண்டும் நுழையுங்கள். கட்டளையில் சிறிய ஏ, பெரிய ஜி இரண்டும் (-aG) வேண்டும். ஏவை விட்டுவிட்டால் நிர்வாகி உரிமை தரும் சூடோ உட்பட மற்றக் குழுக்களிலிருந்து உங்கள் பெயர் போய்விடும்.

கேள்வி: மடிக்கணினியில் டெபியன் 11 நிறுவினேன். வைஃபையே இல்லாததுபோல் காட்டுகிறது.

பதில்: கணினிக்குள் உள்ள கார்டுகளைக் காட்டும் எல்எஸ்பிசிஐ (lspci) கட்டளையின் பட்டியலில் வைஃபை கார்டின் பெயர் இருந்தால், பெரும்பாலும் கார்டு இயங்கத் தேவையான ஃபர்ம்வேர் என்ற மென்பொருள்தான் இல்லை. டெபியனின் வழக்கமான நிறுவல் வட்டில் அதைச் சேர்த்தது 2023 ஜூனில் வந்த டெபியன் 12-இலிருந்துதான். கைப்பேசியைக் கேபிளில் இணைத்து யூஎஸ்பி டெதரிங் போட்டு இணையம் பெறுங்கள். மென்பொருள் எங்கிருந்து வரவேண்டும் என்று சொல்லும் சோர்சஸ் கோப்பில் மெயின் என்பதன் பக்கத்தில் நான்-ஃப்ரீ சேர்த்து, ஆப்ட் அப்டேட் கொடுங்கள். இன்டெல் கார்டுக்கு ஃபர்ம்வேர்-ஐடபிள்யூஎல்வைஃபை, ரியல்டெக்குக்கு ஃபர்ம்வேர்-ரியல்டெக் நிறுவி ரீஸ்டார்ட் செய்யுங்கள். பட்டியலில் பெயரே இல்லையென்றால் பயாஸில் வைஃபை அணைக்கப்பட்டிருக்கிறதா, கார்டு ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.