இலங்கைக்கு அதிவேக ரயில் வலையமைப்பு தேவையா? திருகோணமலையில் இருந்து ஒரு பதில்

ஜப்பான், சீனா மாதிரி இலங்கையிலும் அதிவேக ரயில் ஓடினால் திருகோணமலைக்கு நல்லதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். கொழும்புக்கு இரவு ரயிலில் போய்வருகிறவன் நான். எனக்கு அது வேண்டாம்.

கணக்கைப் பாருங்கள். கொழும்பு கோட்டையில் இருந்து திருகோணமலைக்குப் பாதை சுமார் 295 கிலோமீற்றர். போய்ச்சேர எட்டு மணித்தியாலம் அளவில் ஆகிறது. அதாவது சராசரி வேகம் மணிக்கு 37 கிலோமீற்றர்! இதை 80 ஆக்கினால் நாலு மணித்தியாலத்துக்கு மேல் மிச்சம். அதன் பிறகு 80ஐ 250 ஆக்கினாலும் கூடுதலாக மிஞ்சுவது இரண்டரை மணித்தியாலம்தான். ஆனால் செலவு முழுக்க அந்த இரண்டாவது பாய்ச்சலில்தான் இருக்கிறது.

ஏனென்றால் பழைய தண்டவாளத்தில் புது ரயிலை ஓட்டுவதல்ல அதிவேகம். 1964இல் ஜப்பான் தோக்கியோவுக்கும் ஒசாகாவுக்கும் இடையில் 515 கிலோமீற்றருக்குத் தனிப்பாதையே போட்டது. அதில் ஒரு ரயில் கடவைகூடக் கிடையாது. பீஜிங்–ஷாங்காய் பாதையில் 80 வீதத்துக்கு மேல் பாலம். அங்கே இரண்டு பக்கமும் கோடிக்கணக்கில் சனம், அடுத்தடுத்து ரயில் விட்டாலும் நிறையும். எங்கள் மாவட்டம் முழுவதையும் கூட்டினாலும் ஐந்து லட்சம் வராது. யாரை ஏற்றுவது?

அப்புறம் யானை. 2025 பெப்ரவரியில், எங்கள் பாதையில் இருக்கிற கல்லோயாச் சந்திக்குப் பக்கத்தில் மட்டக்களப்பு ரயில் மோதி ஆறு யானைகள் செத்தன. அந்தக் காட்டுக்குள் 250இல் போக வேண்டுமென்றால் பாதையைத் தூணில் தூக்கிவைக்க வேண்டும். (யானைக்கு அது வசதிதான், கடன் கட்டுவது நாங்கள்.)

எங்கள் நேரத்தைத் தின்பது வேறு. வடக்குப் பாதையில் இருந்து எங்கள் பாதை பிரிகிற மாகோச் சந்தியில் இருந்து இங்கே வரைக்கும் ஒற்றைப் பாதை. எதிர் ரயில் வரும்வரை நிலையத்தில் கிடக்க வேண்டும். யாழ்ப்பாணம் போகிற பாதையில் மாகோ–ஓமந்தை 128 கிலோமீற்றரை அண்மையில் இந்தியக் கடனில் புதுப்பித்து, மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற்றதாக்கினார்கள். சரி, யாழ்ப்பாணத்துக்கு நல்லது. நாங்கள் மாகோவிலேயே கிழக்கே திரும்பிவிடுகிறோமே!

அதே வேலையை மாகோவில் இருந்து கல்லோயா, கந்தளாய், தம்பலகாமம் வழியாகச் செய்து, ரயில்கள் விலகிப் போக இன்னும் சில இடங்களில் இரட்டைப் பாதையும் நல்ல சமிக்ஞையும் தரட்டும். திருகோணமலைக்குப் பக்கத்துச் சீனக்குடாவில் அரைக்கிற கோதுமை மாவும் அதே பாதையில்தான் போகிறது. அதிவேக ரயிலில் மா மூட்டை ஏற்ற விடமாட்டார்கள்.